போனில் நாற்று நட்டால் யாருக்கு என்ன நட்டம்?

"ஏல, வயக்காடு அங்கன கெடக்கு. நீ போன்ல நாத்து நட்டுக்கிட்டு இருக்கியோ?" திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பண்ணை கேம் ஆடுகிற பிள்ளைகளுக்கு இந்த வசவு புதிதில்லை. திட்டுகிறவர் தாத்தாவாக இருக்கலாம், பெரியப்பாவாக இருக்கலாம், வண்ணார்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மாமாவாகவும் இருக்கலாம். அந்த மாமா வரப்பில் கால் வைத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மரியாதை தடுக்கிறது.

வசவுக்குள் ஒரு வாதமும் இருக்கிறது. படித்தவர்கள் அதையே கொஞ்சம் இஸ்திரி போட்டுச் சொல்கிறார்கள். சேற்றில் இறங்கக் கூசும் தலைமுறை, திரையில் விவசாயம் செய்து திருப்திப்பட்டுக்கொள்கிறதாம். இது சோம்பலின் நாகரிக வடிவமாம், வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுவதாம். பட்டிமன்ற மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இந்த வாதத்தில் ஒரு கால்கூடத் தரையில் ஊன்றவில்லை என்பது தெரியும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. ஆற அமர ஆடுகிற இந்த வகைக்குக் 'கோஸி கேம்' என்று பேர். விதைப்பது, தண்ணீர் ஊற்றுவது, மாடு வளர்ப்பது, மீன் பிடிப்பது, ஊர்க்காரர்களோடு பழகுவது, வீட்டை ஒழுங்குபடுத்துவது ஆகியவையே இதில் ஆட்டம். 1996-இல் ஜப்பானில் வெளிவந்த 'ஹார்வெஸ்ட் மூன்' இந்த வகைக்குப் பிள்ளையார்சுழி போட்டது. அதை உருவாக்கிய யசுஹிரோ வாடா, கியூஷு தீவின் மியாசாகி பக்கத்து நாட்டுப்புறத்தில் வளர்ந்து டோக்கியோவுக்குப் பிழைக்கப் போனவர். ஊரை விட்டு வந்த பிறகுதான் ஊரின் அருமை அவருக்கு உறைத்திருக்கிறது. அந்த விளையாட்டை ஆடி வளர்ந்த எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர், சியாட்டில் நகரத் தியேட்டர் ஒன்றில் டிக்கெட் பார்த்து இருக்கை காட்டும் வேலை செய்துகொண்டே, நாலரை வருஷம் தனியாக உட்கார்ந்து 'ஸ்டார்டியூ வேலி'யை எழுதினார். படம், இசை, கதை, கோடிங் எல்லாம் ஒரே ஆள். 2016 பிப்ரவரி 26 அன்று வெளிவந்தது. 2024 முடிவதற்குள் 4 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றது. 2020 மார்ச் 20 அன்று, உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரத்தில், நிண்டெண்டோவின் 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' வந்து அதுவும் 4 கோடியைக் கடந்தது.

இனி வாதத்துக்கு வருவோம். முதலில் காலக்கணக்கு.

விளையாட்டு வந்துதான் பிள்ளைகளை வயலிலிருந்து கிளப்பிக்கொண்டு போனது என்றால், விளையாட்டு முதலில் வந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் பயிர் செய்வோர் 12.7 கோடிப் பேர். 2011-இல் அது 11.9 கோடி ஆகிவிட்டது. அதே பத்தாண்டில் விவசாயக் கூலிகளின் எண்ணிக்கை 10.7 கோடியிலிருந்து 14.4 கோடிக்கு ஏறியது. நிலத்தை விட்டவர்களும் நிலத்தில் கூலிக்கு நின்றவர்களும் அந்தப் பத்தாண்டில் எந்த கேமையும் பார்த்து மயங்கியவர்கள் இல்லை. ஃபேஸ்புக்கில் 'ஃபார்ம்வில்' வந்ததே 2009 ஜூனில்தான். கிராமத்துக் கைகளில் ஸ்மார்ட்போன் வர அதற்குப் பிறகும் சில வருஷம் பிடித்தது. தாராவியில் திருநெல்வேலித் தமிழ் கேட்கத் தொடங்கியது இதற்கெல்லாம் பல தலைமுறைக்கு முன்னால். பையனை உட்காரவைத்து, "படிச்சு ஒரு வேலைக்குப் போயிரு, இந்தச் சேறு எங்களோட போகட்டும்" என்று சொன்னதும் இன்றைக்குத் திட்டுகிற அதே வீடுகள்தாம். சொன்னதில் தப்பில்லை. சொல்லிவிட்டு, பையன் போனபின் அவன் போன்மீது பழியைப் போடுவதுதான் நியாயமில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. "வயக்காடு கெடக்கு" என்ற வசவு பையன்களுக்கு மட்டும்தான். அதே கேமை அதே வீட்டில் பெண்பிள்ளை ஆடினால், "அடுப்படியில வேலை கெடக்கு" என்றுதான் குரல் வரும். வயல் அவளுக்கும் உரியது என்ற எண்ணம் வசவில்கூட எட்டிப்பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்துச் சட்டம் வந்தாயிற்று. ஸ்டார்டியூ வேலியில் தாத்தா விட்டுப்போன பண்ணை, பேரனோ பேத்தியோ, ஆடுபவர் யாராக இருக்க விரும்புகிறாரோ அவருக்குக் கேள்வியில்லாமல் வருகிறது. கதைக்குள் அந்தத் தாத்தா மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் ஆவியாக வந்து பண்ணையைப் பார்த்து மதிப்பெண்ணும் போடுவார். மதிப்பெண் குறைந்தால் மறுமதிப்பீட்டுக்கும் வழி உண்டு.

அடுத்த குற்றச்சாட்டு, போலி என்பது. நிஜம் பக்கத்தில் இருக்கும்போது நகல் எதற்கு என்கிறார்கள்.

தாமிரபரணிக்கரையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும். இதே ஆற்றின் மேல்கரையில் அம்பாசமுத்திரம் இருக்கிறது. அம்பாசமுத்திரம் என்றால் செப்புச் சாமான். கடைசல் பிடித்து, அரக்கு வர்ணம் ஏற்றி, மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகப் பளபளக்கும் குட்டி அடுப்பு, குட்டி ஆட்டுரல், திருகை, உலக்கை, தண்ணீர்க் குடம், இட்லிக் கொப்பரை. ஒரு வீட்டின் அத்தனை வேலையையும் உள்ளங்கைக்குள் அடக்கிய செட்டு அது. ஓலைக்கூடையில் போட்டுக் கொடுப்பார்கள். இன்றைக்கு 'வாழ்க்கைப் பாவனை விளையாட்டு' என்று நீட்டி முழக்கிச் சொல்லுகிற சமாசாரத்தை இந்தப் பள்ளத்தாக்கு மரத்தில் கடைந்து தலைமுறை தலைமுறையாக விற்றிருக்கிறது. மண்ணைச் சோறு என்று ஆக்கிப் பரிமாறிய பிள்ளையிடம், "நிஜ அடுப்பு அங்க கெடக்கே, எழுந்து போய் உலை வை" என்று யாரும் விரட்டவில்லை. விருந்தாளியாக உட்கார்ந்து, மண் சோற்றை உண்டதாகப் பாவனை செய்து, "உப்புக் கொறச்சலா இருக்கே" என்று குறை சொல்லி விளையாட்டை வளர்த்தார்கள். பல்லாங்குழி மட்டும் என்ன? குழிக்குக் குழி புளியமுத்தைப் போட்டுக்கொண்டே போய், குவிந்ததை அள்ளுகிற கணக்கு அது. அதை ஆடிய ஆச்சியைப் பார்த்து, நிஜப் புளியமரம் தோப்பில் நிற்கிறதே என்று கேட்டவன் உண்டா?

பாவனை என்பது நிஜத்துக்கு மாற்று என்று யார் சொன்னது? சதுரங்கம் ஆடுகிறவன் போருக்குப் போகாமல் தப்பித்தவன் இல்லை. பண்ணை கேம் ஆடுகிறவனும் பண்ணைக்குப் போட்டியாக அதை ஆடவில்லை. மரத்துக்குப் பதில் கண்ணாடித் திரை வந்ததும் திடீரென்று ஒழுக்கப் பிரச்சினை முளைத்தது எப்படி என்பதைத் திட்டுகிறவர்கள்தாம் விளக்க வேண்டும்.

சோம்பல் என்ற குற்றச்சாட்டு இன்னும் மோசம். அதைச் சொல்கிறவர் ஸ்டார்டியூ வேலியில் ஒரே ஒரு நாள் இருந்து பார்த்ததில்லை என்பது சொன்ன மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

முதல் நாள், வசந்தம் 1. கதவைத் திறந்தால் கல்லும் கட்டையும் புதருமாக ஒரு தரிசு. கையில் கோடாலி, மண்வெட்டி, கடப்பாரை மாதிரி ஒன்று, அரிவாள், பூவாளி. மேயர் தந்த 15 பார்ஸ்னிப் கிழங்கு விதைகள். ஒரு கட்டத்தைக் கொத்தினால் ஓரத்தில் இருக்கும் பலப் பட்டை கொஞ்சம் இறங்கும். ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் கொஞ்சம். பூவாளி காலியானால் குளத்துக்கு நடக்க வேண்டும். நடக்கிற நேரத்தில் கடிகாரம் ஓடுகிறது. காலை 6 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி 2 மணிவரை நீளும் அந்த நாள், நம் கணக்கில் ஏறக்குறைய 14 நிமிடம். அதற்குள் படுக்கைக்குத் திரும்பாவிட்டால் விழுந்த இடத்திலேயே மயக்கம், பையிலிருந்து கொஞ்சம் காசும் போகும். கடைக்காரர் பியேர் புதன்கிழமை கடை திறக்க மாட்டார். விதை தீர்ந்தது புதன்கிழமை என்றால் ஒரு நாள் பாழ். 28 நாள் முடிந்து பருவம் மாறினால், நேற்றுவரை பச்சையாக நின்ற பயிர், அறுப்புக்கு ஒரே நாள் பாக்கி என்றாலும், விடிந்து பார்க்கும்போது கருகிக் கிடக்கும். தூண்டிலில் மீன் மாட்டினால் ஒரு பச்சைப் பட்டையை மேலும் கீழும் ஆட்டி மீனைப் பின்தொடர வேண்டும். புதிதாக ஆடுகிறவர்கள் வாயில் வரும் வார்த்தைகளைப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

இவ்வளவு எரிச்சலும் கேமின் குறை என்று நினைப்பவர்கள் கேமைப் புரிந்துகொள்ளவில்லை. எரிச்சல்தான் அதன் முதுகெலும்பு. தண்ணீர் ஊற்றியே முதுகு ஒடிந்தவனுக்குத்தான், முதல் தெளிப்பான் செய்து நட்ட அன்று, நாலு செடி தானாக நனைந்து நிற்பதைப் பார்க்கும்போது வீட்டில் மோட்டார் போட்ட மகிழ்ச்சி வரும். பிறகு எட்டுச் செடி, அதன்பின் இருபத்து நாலு. எல்லாம் தானாக நனையத் தொடங்கிய பிறகு என்ன ஆகிறது? காலை எழுந்தால் செய்ய ஒன்றும் இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கேமை மூடிவிட்டுப் புதிய பண்ணையில் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். மறுபடியும் கல், கட்டை, புதர். வேலையிலிருந்து தப்பிக்க வந்தவன் செய்கிற காரியமா இது?

அவர்கள் வெறுப்பது வேலையை இல்லை. செய்த வேலைக்கும் கிடைத்த பலனுக்கும் நடுவே காணாமல் போகிற கணக்கைத்தான். அந்தக் கேமின் தொடக்கக் காட்சியே ஜோஜா என்ற பெருநிறுவனத்தில், தடுப்புக்குத் தடுப்பு அடைபட்ட மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஊழியர். ஆன்லைன் விற்பனைக் கிடங்கிலோ கால் சென்டரிலோ, யாரோ தொலைவிலிருந்து மாற்றும் டார்கெட்டைத் துரத்திவிட்டு இரவு அறைக்குத் திரும்புகிறவருக்கு, நாலு நாளில் விளையும் கிழங்கு நாலு நாளில் விளைவதே பெரிய ஆறுதல். விதை 20 காசு, விற்றால் 35. இன்றைக்கும் அதுதான், அடுத்த வருஷமும் அதுதான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. கோஸி கேம் மனசுக்கு மருந்து, மன அழுத்தம் போக்கும் மாத்திரை என்று விற்கிற கூட்டம். அவர்களுக்கும் சேர்த்தே மறுப்புச் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் கூட்டாளிகளும், அனிமல் கிராசிங் ஆடிய 2,700-க்கு மேற்பட்டவர்களின் ஆட்ட நேரத்தை நிறுவனத்திடமிருந்தே நேரடியாக வாங்கிப் பார்த்தார்கள். அதிகம் ஆடியவர்கள் சற்றே நன்றாக இருப்பதாகத் தெரிந்தது. உலகப் பத்திரிகைகள் துள்ளின. இரண்டு வருஷம் கழித்து அதே குழு ஏழு கேம்கள், ஏறத்தாழ 39,000 ஆட்டக்காரர்கள் என்று பெரிதாகச் செய்தபோது, ஆடும் நேரம் மனநலத்தைக் கூட்டுவதற்கோ குறைப்பதற்கோ சொல்லிக்கொள்ளும்படி சான்று இல்லை என்று முடிந்தது. துள்ளிய பத்திரிகைகளில் பாதி இதைக் கண்டுகொள்ளவில்லை. மருந்தும் இல்லை, நஞ்சும் இல்லை. விளையாட்டு, அவ்வளவுதான்.

இப்போது 'நிஜ விவசாயம்' என்ற பேச்சுக்கு வருவோம். மறுப்பின் கனமான பகுதி இதுதான்.

கேமில் இல்லாதவை நிறைய. ஸ்டார்டியூ வேலியில் 2019 முதல் நெல்லும் பயிரிடலாம். நாற்று ஒன்று 40 காசு. தண்ணீரிலிருந்து மூன்று கட்டத்துக்குள் நட்டால் தனியே நீர் ஊற்றத் தேவையில்லை, எட்டு நாள் பயிர் ஆறு நாளில் முடியும். தள்ளி நட்டால் தினமும் பூவாளியைத் தூக்க வேண்டியதுதான். தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் உள்ள வித்தியாசத்தை சியாட்டில்காரர் தெரியாமலே மூன்று கட்டத்துக்குள் எழுதிவைத்துவிட்டார் என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தண்ணீர் வற்றாது. பாபநாசம் அணையின் 143 அடியில் இன்றைக்கு எத்தனை அடி என்று காலையில் பேப்பரைப் பிரித்துப் பார்க்கும் பதைப்பு அங்கே கிடையாது. ஜூன் மாதம் கார் சாகுபடிக்குத் திறப்பார்களா, இந்த வருஷம் பிசானம் மட்டும்தானா என்ற கேள்வி கிடையாது. மழை பெய்தால் அன்றைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஏறக்குறைய விடுமுறை. இடி விழுந்து ஒன்றிரண்டு செடி கருகலாம், அதற்கும் இடிதாங்கி உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பார்த்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன் பக்கமும் வண்ணார்பேட்டைக் கரையோரமும் தண்ணீருக்குள் போயின. கீழ்க்கரை வயல்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தெரியாமல் மணல் மூடிக் கிடந்தன.

விற்பனையும் அப்படித்தான். வாசலில் இருக்கும் பெட்டியில் விளைச்சலைப் போட்டுவிட்டுத் தூங்கினால் விடியும்போது பணம் வந்திருக்கும். நம் ஊர் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மூட்டை திரும்பும். காயப்போட்ட நெல்மேல் மழை விழுந்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். 2024-25-இல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். அந்த விலையும் மூட்டை உள்ளே போனால்தான்.

ஆக, கேம் நிஜத்தைச் சொல்லவில்லை. சரி. பரிகாசம் செய்கிறவர்கள் மனசில் வைத்திருக்கும் வயல் மட்டும் நிஜத்தைச் சொல்கிறதா?

அந்த வயலை உற்றுப் பாருங்கள். அதில் எப்போதும் பச்சை. வரப்பில் ஒரு கோமணத்துப் பெரியவர், கையில் மண்வெட்டி, முகத்தில் தெய்வீகம். பாட்டம் கிடையாது, கடன் கிடையாது, களை பறிக்கும் பெண்களின் கூலி கிடையாது, யார் நிலம் யார் கையில் எப்படி வந்தது என்ற சாதிக் கணக்கு கிடையாது. வாட்ஸ்அப்பில் விடியற்காலை வந்து விழும் 'விவசாயம் காப்போம்' படம் அது. தமிழ் சினிமாவும் பல வருஷமாக இதே வயலைக் காட்டிக்கொண்டிருக்கிறது. 2021-இல் வந்த 'பூமி'யில் நாசா விஞ்ஞானியே ராக்கெட்டை விட்டுவிட்டு ஏர் பிடிக்க வந்தார். வெளிநாட்டு வேலையை உதறிவிட்டுப் பூர்வீக மண்ணுக்கு வந்து ஊரையே மீட்கும் இந்தக் கதைக்கும், ஜோஜா மேஜையை விட்டுத் தாத்தா பண்ணைக்கு வரும் ஸ்டார்டியூ கதைக்கும் என்ன வித்தியாசம்? கேமில் நாளுக்கு நாள் தண்ணீராவது ஊற்ற வேண்டும். படத்தில் அதற்கும் ஒரு பாட்டு வைத்து முடித்துவிடுகிறார்கள். எம். மணிகண்டனின் 'கடைசி விவசாயி' மாதிரி நிலத்தின் எடையைத் தெரிந்து எடுத்த படம் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இந்த ஆசை பழையதும்கூட. நெல்லையப்பர் கோயில் தலபுராணமே, நைவேத்தியத்துக்குக் காயவைத்த நெல்லை விட்டுவிட்டு வேதசர்மா ஆற்றுக்குக் குளிக்கப்போக, மழை பிடித்து ஊற்ற, இறைவன் வேலியிட்டு நெல்லை நனையாமல் காத்த கதைதான். கொள்முதல் நிலையத்து முற்றத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் வேண்டுவது அந்த வேலியைத்தான். நனையாத நெல்லைக் கனவு காண்பது தப்பு என்று பார்த்தால் கோயிலையே அல்லவா முதலில் கேட்க வேண்டும்?

உழைப்பின் நிஜம் எதுவென்று பேச வேண்டுமானால் வண்ணார்பேட்டைக்காரர்கள் தூரம் போக வேண்டியதில்லை. அடுத்தாற்போல் இருக்கும் கொக்கிரகுளத்தில், 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டும் கைதான தோழர்களை விடச் சொல்லியும் கலெக்டர் அலுவலகம் நோக்கி வந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடந்தது. ஆற்றுக்குள் விரட்டப்பட்ட கூட்டத்தில் ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். பசுமையான மலை, தேயிலைச் சரிவு, பனிமூட்டம் என்று சுற்றுலாப் படத்தில் வரும் அதே மாஞ்சோலை. 'நிஜ மண்' என்று நெகிழ்கிறவர்கள் நினைவில் இந்த நாள் எத்தனை பேருக்கு இருக்கிறது? கேமில் கூலிக்காரர் இல்லை என்பது உண்மையான விமர்சனம். வைக்கத் தகுந்த விமர்சனம். ஆனால் அதை வைக்கிறவர் தம் கற்பனை வயலிலும் கூலிக்காரரை முதலில் நிறுத்தியாக வேண்டும்.

கோபப்படத்தான் வேண்டும் என்றால் அதற்கு வேறு இடம் இருக்கிறது. எல்லாப் பண்ணை கேமும் ஒன்றில்லை. ஃபார்ம்வில்லில் ஸ்ட்ராபெரி நட்டால் நாலு மணி நேரத்தில் பழுக்கும். திரும்பி வரத் தாமதித்தால் அழுகும். ஆகவே நடுராத்திரி அலாரம் வைத்து எழுந்தவர்கள் உண்டு. உதவி கேட்டு நண்பர்களுக்குச் செய்தி அனுப்ப வைக்கும். அவசரம் என்றால் நிஜப் பணம் கேட்கும். 2010-இல் மாதம் 8 கோடிப் பேர் உள்ளே வந்து போனார்கள். 2020 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டபோது பெரிதாக அழ ஆளில்லை. இந்த வகையைக் கேலி செய்ய இயன் போகோஸ்ட் என்ற பேராசிரியர் 2010-இல் 'கவ் கிளிக்கர்' என்று ஒன்றை எழுதினார். ஒரு மாடு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன்மேல் கிளிக் செய்யலாம், ஆட்டம் முடிந்தது. கேலிக்கென்று செய்ததை ஆயிரக்கணக்கானோர் மெய்யாகவே ஆடித் தீர்த்தார்கள். அடுத்த வருஷம் அவர் மாடுகளை மறைத்துவிட்டார். பிறகும் சிலர் வெறுந்தரையைக் கிளிக் செய்துகொண்டிருந்தார்கள்.

ஃபின்லாந்தின் சூப்பர்செல் 2012-இல் கொண்டுவந்த 'ஹே டே' இன்னும் சாமர்த்தியம். கோதுமை இரண்டே நிமிடத்தில் விளையும், சோளம் ஐந்தில். கை நிறைய விளைச்சல் வரும். வைக்க இடம்தான் இருக்காது. களஞ்சியத்தைப் பெரிதாக்க போல்ட்டும் பலகையும் டேப்பும் வேண்டும், அவை எப்போதாவது ஒன்று கிடைக்கும். பொறுமை இல்லாதவருக்கு வைரம், வைரத்துக்கு நிஜ ரூபாய். ஸ்டார்டியூ வேலியில் வரும் எரிச்சல் ஆட்டத்துக்காக வைத்த எரிச்சல். ஒருமுறை காசு கொடுத்து வாங்கியவரிடம் அது பிறகு கை நீட்டுவதில்லை, வருஷக் கணக்கில் வந்த புதுச் சேர்க்கைகளும் இலவசம். ஹே டேயின் எரிச்சல் பணப்பைக்காக அளவெடுத்துத் தைத்தது. அனிமல் கிராசிங் நடுவில் நிற்கிறது: வெளிவந்த காலத்தில் மீன் இரையைக்கூட ஒவ்வொன்றாகத்தான் செய்ய விடும், கோடாலி பாதி வேலையில் உடையும், ஒரு மாதம் எட்டிப் பார்க்காவிட்டால் தீவெங்கும் களை மண்டி, பக்கத்து வீட்டுக் கரடி எங்கே போனாய் என்று கேட்கும். ஆனால் காத்திருப்பை விற்காது.

பிள்ளை கையில் பண்ணை கேமைப் பார்க்கும் பெரியவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, அதற்குள் கடை எங்கே இருக்கிறது, எதை விற்கிறது என்பது. இந்தக் கேள்வியைக் கேட்க கேமைப் பத்து நிமிடம் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும். வசவு அதைவிடச் சுலபம் என்பதால்தான் வசவு நிலைத்திருக்கிறது.

நிஜத்துக்கும் பாவனைக்கும் சண்டை மூட்டிவிடுகிறவர்கள் 'சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ரூயின்' பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். எடெல்வைஸ் என்ற சின்னஞ்சிறு ஜப்பானியக் குழு உருவாக்கி, 2020 நவம்பரில் வெளிவந்தது. பாதி ஆட்டம் அரக்கர்களோடு சண்டை, மறுபாதி நெல். விதைநெல்லைக் கரைசலில் போட்டு மிதக்கும் பதரைக் கழிப்பதில் தொடங்கி, நாற்றின் இடைவெளி, பருவத்துக்குப் பருவம் மாறும் தண்ணீர் மட்டம், களை, உரம், கதிரைக் கட்டிக் காயப்போடுவது, போர் அடிப்பது, உமி நீக்குவதுவரை ஒவ்வொன்றையும் கையால் செய்ய வேண்டும். தண்ணீர் மட்டம் ஒரு விரல் தப்பினால் மணி திரளாது. தவித்த ஆட்டக்காரர்கள் கடைசியில் ஜப்பான் வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தைத் திறந்து படித்துவிட்டு வந்து ஆடினார்கள். அரசாங்கக் கையேடே கேமுக்குச் சிறந்த வழிகாட்டி என்று ஜப்பானில் பெரிய வேடிக்கைப் பேச்சு ஆயிற்று. நகரத்துப் பிள்ளைகள் நெல்லுக்கு எப்போது நீர் வடிக்க வேண்டும் என்று தாமாகத் தேடிப் படித்தார்கள். எத்தனை விழிப்புணர்வுப் பேரணி நடத்தினால் இது நடக்கும்?

தமிழிலும் ஒரு தொடக்கம் இருக்கிறது. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட 'வெண்பா', 1988-இல் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தம்பதியின் கதை. பண்ணை இல்லை, சமையற்கட்டு. அம்மா கொடுத்த சமையல் நோட்டு கிழிந்து எழுத்து அழிந்துபோக, விடுபட்ட படியை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை ஆவி ஏறும்படி மாற்றி மாற்றி அடுக்கத் தெரியாவிட்டால் இட்லி வேகாது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சின்ன ஆட்டம். 2024-இல் பாஃப்டாவின் முதல் படைப்பு விருதையும், சுயேச்சை கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரும்பரிசையும் வாங்கியது. மகன் கவினுக்கும் அம்மாவுக்கும் நடுவே தமிழ் மெல்ல மெல்லக் கழன்று போவதை ஆடுகிறவர்கள் கையால் சமைத்துக்கொண்டே பார்க்கிறார்கள். தப்பித்தல் என்ற பட்டத்தை இதற்கு எங்கே ஒட்டுவது?

தாமிரபரணிக்கு இப்படி ஒன்று செய்ய முடியாதா என்று கேட்டால், கோடிங் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. பொருளும் தயாராக இருக்கிறது: கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம்வரை எட்டு அணைக்கட்டு, பழவூர் அணையில் பிரியும் பாளையங்கால்வாய், சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய், கார், பிசானம், முறைவைத்துத் தண்ணீர் விடும் நாளில் ராத்திரி மடைக்குக் காவல், அறுவடை மெஷினுக்கு வாடகை, ஈரப்பதம் பார்க்கும் மீட்டர். வடிவமைக்கிறவர் முதல் திரையிலேயே ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும். ஆடுபவர் நிலக்காரரா, பாட்டத்துக்கு எடுத்தவரா, நடவுக்கு வரும் பெண்ணா? மூன்றும் மூன்று வேறு ஆட்டங்கள். நடவுக்காரப் பெண்ணாக ஆட வைத்தால், எரிக் பரோன் எழுதாமல் விட்ட ஒரு பகுதியையும் எழுத வேண்டிவரும்: சாயங்காலம் வரப்பில் நின்று கூலியை எண்ணிக் கொடுக்கும் ஆள், குறைவாகக் கொடுத்தால் அவள் என்ன செய்யலாம் என்ற பட்டன்கள்.